சனிக்கிழமைக் கொசுறு

என் கணவர் சனிக்கிழமை மாலைகளில் சட்டை மாற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போவார். என்னோடு போகும்போது இல்லை. அவருடைய அக்காவோடு போகும்போது மட்டும்.

என்னோடு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்த நாட்களில் வீட்டில் போட்டிருக்கும் கழுத்து தொங்கிப்போன டி-சர்ட்டோடுதான் வருவார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனைப் பார்த்தபடி என் பின்னால் நடப்பார். நான் நின்றால் நிற்பார். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை பீரோவிலிருந்து வெளியே வந்ததைப் பார்க்கும் வரை.

நான் திருச்சிக்காரி. படித்தது கணினிப் பொறியியல். போன் செயலிகள் மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால் அவற்றில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. அதைத் தென்காசியில் எங்கள் வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து செய்கிறேன். வேலை செய்து செய்து இந்தக் குணம் வந்ததா, குணத்துக்கு ஏற்ற வேலை அமைந்ததா தெரியாது. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது.

போன வருடம் வீடு கட்ட ஆரம்பித்தோம். அங்கே சுவர் எழும்ப எழும்ப இங்கே சமையலறை சுருங்கியது. முதலில் முந்திரிப் பருப்பு போனது, அதற்குப் பின் ஆப்பிள், அதற்கும் பின் பாக்கெட்டில் வரும் எல்லாமும். எந்தப் பொருள், எவ்வளவு, போன மாதம் என்ன விலை, எந்தக் கடை என்று போனில் ஓர் அட்டவணை வைத்து வாங்கினேன். அதில் இல்லாததைத் தொடுவதில்லை. போன வேகத்தில் திரும்பிவிடுவோம். செலவு கட்டுக்குள் இருந்தது. ஆனால் கடைக்குப் போவது மாத்திரை போடுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. வேளை வந்தால் விழுங்குவோம், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வெளிநாட்டுக் குழுவோடு பேச வேண்டிய வேலை வந்தது. "நீ வேலையைப் பாரு, நான் அக்காவைக் கூட்டிட்டுப் போய் வாங்கிட்டு வந்திருதேன்" என்றார். அந்த அக்கா, எனக்கு மதினி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. மகன் கல்லூரி விடுதியில். தனியாக இருக்கும் அக்காவை வாரம் ஒருமுறை தம்பி வெளியே கூட்டிப்போவதில் யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. அட்டவணையை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, அவர் சட்டை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் சனிக்கிழமை அவர் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பையிலிருந்து காய்களை எடுத்து வைத்தார். எல்லாம் என் அட்டவணைப்படி சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, பையின் அடியிலிருந்து தனியாகச் சிலவற்றை எடுத்து அதில் அடுக்கினார். ஒரு எலுமிச்சம்பழம். நுனி வளைந்த முருங்கைக்காய் ஒன்று. ஒரு கைப்பிடி சீனி அவரைக்காய், எங்கள் ஊரில் கொத்தவரங்காய்.

"இதெல்லாம் நான் எழுதலையே" என்றேன்.

"இது கொசுறு" என்றார், பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பையைக் காட்டுகிறவர் மாதிரி.

எனக்குத் தெரிந்து கொசுறு என்றால் காய் வாங்கினால் மேலே போடுகிற கறிவேப்பிலை. இவர்களுக்கு அது ஒரு பந்தயம். சின்ன வயதில் அம்மா இருவரையும் ஆளுக்கொரு பையோடு பாவூர்சத்திரம் சந்தைக்கு அனுப்பியபோது தொடங்கியதாம். வாங்க வேண்டியதை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள், காசையும் அப்படியே. சந்தை வாசலில் பிரிந்து, முடித்துவிட்டு டீக்கடையில் சந்திப்பார்கள். யாருக்குக் கொசுறு நன்றாக வந்திருக்கிறதோ அவர் ஜெயித்தார். தோற்றவர் இரண்டு பையையும் தூக்க வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

இல்லை, சட்டதிட்டங்கள் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல என் மனம் அவற்றுக்கு எண் போட்டுக்கொண்டே போனது. கொசுறைக் கேட்டு வாங்கினால் செல்லாது. வாயால் கேட்பது மட்டும் இல்லை, பையை விரித்துக்கொண்டு நிற்பதும் கேட்பதுதான். கறிவேப்பிலை, கொத்தமல்லி கணக்கில் வராது, அது எல்லாருக்கும் போடுவது. வாங்கச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டு வந்தால் கிடைத்த கொசுறு முழுவதும் தள்ளுபடி. பந்தயம் கொடுத்துவிட்ட காசுக்குள்தான், ஒரு ரூபாய் கூடினாலும் ஆட்டம் போச்சு.

எங்கள் இருவருக்கும் கையிறுக்கம் ஒன்றுதான். நான் அதை அட்டவணை ஆக்கியிருந்தேன். இவர்கள் அதைக் கபடிக் கோடு ஆக்கியிருந்தார்கள்.

அக்கா கொடுத்தனுப்பிய அந்த எலுமிச்சம்பழத்தின் கதையைச் சொன்னார். சேனைக்கிழங்கு விற்கிற அண்ணாச்சியிடம் மதினி, "போன வாரம் நீரு குடுத்த கெழங்கு நாக்கைப் புடுங்கி எடுத்துட்டு. எம் மாமியாளுக்குத்தான் குடுத்தேன். மூணு நாளா அவளால பேச முடியல. அதே கெழங்கா ஒண்ணு குடும்" என்றாளாம். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தராசு ஆடியதாம். "இந்தா, எலுமிச்சம்பழம். மாமியா பாவம், கரைச்சுக் குடு" என்று கையில் வைத்தாராம்.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இருந்திருக்கணும்" என்றார்.

பிழை தேடுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலி எங்கே என்று பார்க்க ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பேன். அவர் அக்காவோடு போனதா? இல்லை. நேரம் கழித்து வந்ததா? இல்லை. சிரித்ததா? அதுவும் இல்லை. அந்தச் சட்டை பாதி. மீதிப் பாதி, 'நீ இருந்திருக்கணும்' என்ற அந்தப் பேச்சு. நான் அங்கே இல்லாதது அவருக்கு ஒன்றும் குறையாக இருக்கவில்லை என்பது அதற்குள்ளேயே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் தட்டு நிறைந்தது. வெளிநாட்டுக் குழுவோடு பேசிக்கொண்டே என் காது வாசலில் இருக்கும். எலுமிச்சை, ஒரு துண்டு பூசணி, ஒரு முறை ஒரு முழம் பிச்சிப்பூ. பூ அவளுக்குக் கிடைத்தது, அவள் எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை வைத்துக்கொண்டேன். தலைவலித்தது.

மாதம் திரும்பியதும் குழுவோடு பேசுவதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக் கேட்டேன். காரணம் கேட்டார்கள். 'குடும்பக் கடமை' என்று எழுதினேன்.

நானும் வருகிறேன் என்றதும் அவருக்குச் சந்தோஷம்தான். அடுத்த நொடியே ஸ்கூட்டரைப் பார்த்தார். பின்னால் ஒருவருக்குத்தான் இடம். பையோடு வந்து நின்ற மதினி தயங்கவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் வண்டியில வாங்க. நான் பஸ்ல வாரேன். பஸ்ல வந்தா எனக்கு நாலு பேரப் பாக்கலாம்."

எவ்வளவு எளிதாகச் சொன்னாள்! அந்த இடம் எனக்குக் கிடைத்தது, ஆனால் கொடுத்தது அவள். பாவூர்சத்திரம் வரைக்கும் அதே நினைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

வாங்க வேண்டியதை மூன்றாகப் பிரித்தோம். எனக்குப் பல்லாரி என்கிற பெரிய வெங்காயம், தக்காளி, வெண்டைக்காய், மிளகாய். லாரிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில், சாக்கு விரித்துச் சில்லறைக்கு விற்கிறவர்களின் வரிசையில் நடந்தேன். பல்லாரி இருக்கிற இடத்தில் நின்றேன், விலை கேட்டேன், நல்லதாகப் பொறுக்கினேன், போனில் பணம் அனுப்பினேன், நன்றி சொன்னேன், நகர்ந்தேன். மிளகாய் வரைக்கும் இதேதான். டீக்கடைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மதினி வந்து என் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கறிவேப்பிலைகூட இல்லை.

"ஏட்டி, நீ பேசினியா இல்லையா?"

"பேசினேனே மதினி."

"என்ன பேசின?"

"விலை கேட்டேன். தேங்க்ஸ் அண்ணான்னு சொன்னேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஒரு நொடிதான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அதற்குள் நுழைய வழியே இல்லை.

"அண்ணான்னு சொன்னா உன்னைக் குத்தாலத்துக்குக் குளிக்க வந்தவன்னுல்லா நெனப்பான்? அண்ணாச்சின்னு சொல்லணும். அதுவும் போகட்டும். நீ எதுக்குட்டி தேங்க்ஸ் சொன்ன? தேங்க்ஸ் சொன்ன ஒடனே கணக்கு முடிஞ்சு போச்சுல்லா. பெறவு அவன் என்னத்தைக் குடுப்பான்?"

"அவ வேகம் அப்படிக்கா" என்றார் என் கணவர். "சூப்பர் மார்க்கெட்டுல பில் போடுற பிள்ளையே இவளைப் பாத்தா நிமிந்து ஒக்காருது."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

தோற்றவள் நான்தான் என்பதால் மூன்று பைகளையும் பஸ் நிறுத்தம் வரை தூக்க வேண்டும். மதினி விடவில்லை. "விடுட்டி, கை வலிக்கும். கீபோர்டுல தட்டுற கை" என்று தன் பையை வாங்கிக்கொண்டாள். தோல்வியைக்கூட முழுதாக அனுபவிக்க விடமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நான் ஆயத்தமாகப் போனேன். மதினி சொன்னதை எல்லாம் யோசித்துத் திருத்தங்கள் செய்திருந்தேன். அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும். காசு கொடுத்த பிறகும் கொஞ்சம் நிற்க வேண்டும். நின்றுகொண்டு பையைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். அவர்களைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும். மழை உண்டா, பஸ் எத்தனை மணிக்கு, இந்த மாதிரி.

ஆச்சரியம், நன்றாகவே பலித்தது. பல்லாரிக்காரர் பையைக் கட்டிக் கொடுத்த பிறகு மேலே ஒரு கை சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டார். கத்தரிக்காய்க்காரர் இரண்டு கத்தரிக்காய். வெண்டைக்காய்க்காரர் ஒரு மாங்காயே கொடுத்தார், காய்ப்பு முடிந்துபோன காலத்தில். எனக்கு நடையே மாறிவிட்டது. பின் சீட்டு எனக்குச் சொந்தமாகிவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் கீரை. கீரை விற்ற அக்கா இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு தண்டங்கீரையைப் பைக்குள் திணித்தாள்.

"வச்சுக்கோம்மா. உங்க மதினிகிட்ட சொல்லிரு, நான் குடுத்துட்டேன்னு."

"எங்க மதினியா?"

"ஆமா. நீ வருவ, புதுசு, பாத்துக்கோங்கன்னு அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுல்லா போனாவ."

நான் தேங்க்ஸ் சொன்னேன்.

டீக்கடையில் என் பையைக் கொட்டியதும் என் கணவர் கையைத் தட்டினார். மதினியின் பையில் அன்றைக்கு ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதையும் யோசித்துத்தான் கொண்டுவந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

"பரவால்லையேட்டி. இன்னைக்கு நீதான் ஜெயிச்ச" என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. என்னை ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம், என்னைத் தோற்கடித்திருந்தால் இன்னொரு வாரம் பார்க்கலாம். ஜெயிக்க வைத்தவளை என்ன செய்வது?

வரும் வழியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்து மெச்சிக்கொண்டே வண்டி ஓட்டினார். "மாங்காய் எப்படிட்டி வாங்கின? அவரு லேசுல குடுக்க மாட்டாரே!" மாங்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் மதினியின் கை இருந்தது. தட்டில் அடுக்கியபோதும் அது அவளுடைய தட்டாகவே இருந்தது.

அன்றிரவே முடிவு செய்தேன். அவளைத் தெரியாத ஓர் ஊர் வேண்டும்.

அது அவ்வளவு எளிதாக இல்லை. கீழப்பாவூரில் அவளைத் தெரியும், வாரம் தவறாமல் நரசிம்மர் கோயிலுக்குப் போகிறவள். தென்காசியில் சொல்லவே வேண்டாம். வாசுதேவநல்லூரில் அவளுக்குச் சித்தி வீடு. ஒவ்வோர் ஊராக அடித்துக்கொண்டே வந்ததில் மிச்சம் நின்றது குற்றாலம் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிறது, ஆனால் மதினி அங்கே ஒரு மிளகாய்கூட வாங்கியதில்லை. "அது வெளியூர்க்காரனுக்கு விக்க எடம். நம்மளக் கண்டா வெலை சொல்லவே அவனுக்கு வாய் வராது" என்பாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கோயிலில் ஏதோ விசேஷ பூஜை. மத்தியானமே கீழப்பாவூர் போய்விட்டாள். நான் சாதாரணமாகச் சொல்வது போல, "மிளகும் தேங்காய் எண்ணெயும் தீர்ந்துடுச்சு. சீசன் முடியப் போகுது, குற்றாலத்துல விலை இறங்கியிருக்கும். நாம ரெண்டு பேரும் போவோமா? பந்தயத்தோட?" என்றேன்.

"போவோமே" என்றார். டி-சர்ட்டோடு வந்தார்.

குற்றாலத்தில் அருவி மெலிந்துபோய், பாறையின் ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மேலே மேகம் இருந்தது. நினைத்தால் தூறுவதும் நினைத்தால் நிற்பதுமாகச் சாரல். கடைகளில் பாதி தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தன. மீதிக் கடைகளில் சிப்ஸ் பொரிக்கிற எண்ணெய் மணம். கூட்டம் இல்லாததால் கடைக்காரர்கள் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, குளிக்க வந்தவர்கள் இல்லை என்று தெரிந்ததும் பேச்சைத் தொடர்ந்தார்கள். மிளகும் எண்ணெயும் அவருக்கு, நேந்திரம்பழமும் எலுமிச்சையும் எனக்கு. பிரிந்து போனோம்.

அருவிக்குப் போகும் வழியில் ஒரு பழக்கடை. என் வயதே இருக்கும் ஒரு பெண், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலையைப் பேசி, பழத்தை வாங்கி, ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன்.

"பெட்டி சொல்லலியே" என்றாள்.

"போயிடுச்சு, பாருங்க" என்று என் போனைக் காட்டினேன்.

"எல்லாரும் போனத்தான் காட்டுதாவ. போன வாரம் ஒருத்தர் பழைய போட்டோவக் காட்டிட்டு ஒரு கூடை ரம்புட்டானோட போயிட்டாரு. எம் போனு வீட்டுக்காரர்ட்ட இருக்கு. பெட்டி சொன்னாத்தான் பழம். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. பணம் வந்ததும் சத்தமாகச் சொல்ல வேண்டிய பெட்டி ஏன் சொல்லவில்லை என்ற யோசனைதான் வந்தது. மாதச் சம்பளமே எனக்கு அந்தக் கேள்விக்குத்தான் கொடுக்கிறார்கள். நேந்திரம்பழம், பந்தயம், மதினி எல்லாம் மறந்துபோயின.

"பெட்டி எங்கக்கா இருக்கு?"

பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டின்னை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலிதீன் பைகள், மேலே ரப்பர் பேண்டு. "சாரல்ல நனைஞ்சிரும்லா. மத்தியானம்தான் இப்படிப் பத்திரமா வச்சேன்."

"தகரத்துக்குள்ள வச்சா சிக்னல் எப்படி வரும்? வெளிய எடுங்க. ஒரு பாலிதீன் பையே போதும்."

பையைப் பிரித்து, பெட்டியை அணைத்துப் போட்டு, பலகையின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. மத்தியானத்திலிருந்து விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது அந்த கேரளாக்காரரு... இது பச்சைச் சேலை... ஐயோ, இந்த மனுசனைக் காசு அனுப்பலைன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே! பாவம், மறுபடியும் ரொக்கமா எண்ணிக் குடுத்துட்டுப் போனாரு!"

கடைசியில் என் பணத்தையும் பெட்டி சொன்னது. இருவரும் சிரித்துவிட்டோம். நான் பழத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "நில்லுங்க" என்றாள். துணி போட்டு மூடி வைத்திருந்த கூடையிலிருந்து இரண்டு கையாலும் மங்குஸ்தான் பழத்தை அள்ளி என் பைக்குள் போட்டாள். சீசனின் கடைசி மங்குஸ்தான். வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து விலைகூடக் கேட்காமல் நான் கடந்து போகிற பழம். ஐயோ வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மறுத்தால் பந்தயத்தில் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். தேங்க்ஸும் சொல்லவில்லை.

டீக்கடையில் அவர் தன் கொசுறைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரே ஒரு கிராம்பு. வாயில் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்ததைப் போடாமல் கொண்டுவந்திருந்தார். நான் பையைத் திறந்தேன்.

"ஏட்டி!" என்றார். நான் கதையைச் சொன்னேன். தகர டின்னுக்கு வந்தபோது கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பச்சைச் சேலைக்கு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்துக்குத் துடைத்த அதே மாதிரி. எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது.

உடனே, "இரு, அக்காகிட்ட சொல்லணும்" என்று போனை எடுத்தார். இறங்கி உட்கார்ந்தது எழுந்துவிட்டது.

போனைப் பலகையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பக்கம் கோயில் மணி கேட்டது. முழுக் கதையையும் அவரே சொன்னார், என்னைவிட நன்றாக. முடித்ததும் மதினி சொன்னாள்:

"அது செல்லாதுலே."

"ஏன் செல்லாது?"

"பெட்டியச் சரி பண்ணிக் குடுத்திருக்கா. அவ பழம் குடுத்திருக்கா. அது கூலில்லா? கூலி எப்படிக் கொசுறாகும்?"

"இவ கேட்டாளா? கேக்கல. பையை விரிச்சாளா? விரிக்கல. பின்ன?"

"கேக்காமக் குடுத்தாலும் கூலி கூலிதாம்லே. எலெக்ட்ரீசியன் கூடத்தான் வாயத் தொறந்து கேக்கதில்ல."

"அப்ப நீ சேனைக்கெழங்கு அண்ணாச்சியச் சிரிக்க வச்சு எலுமிச்சம்பழம் வாங்கினியே, அது என்ன? அதுவும் கூலிதான். சிரிக்க வச்ச கூலி. இத்தன வருசமா நீ வாங்கினதெல்லாம் தள்ளுபடி!"

அக்காவுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒரு மங்குஸ்தானை இரண்டு கைக்கும் நடுவே வைத்து அமுக்கினேன். ஓடு பிளந்து, உள்ளே சுளை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எத்தனை பழம்?" என்றாள் மதினி. குரல் மாறியிருந்தது.

"ரெண்டு கை நெறைய."

"நல்ல பழமா? உள்ள மஞ்சக் கறை இல்லாம இருக்கா?"

"வெள்ளை வெளேர்னு இருக்கு."

"ம்." பிறகு, "நான் இங்கன கால் கடுக்க வரிசையில நிக்கேன். நீங்க அங்கன... நானும் இருந்திருக்கணும்" என்றாள்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பல சனிக்கிழமைகளில் எனக்குள் கேட்ட குரல் அது. அவளுக்கும் அது உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது பழத்தின் ருசி. இரக்கம் சுளை தீர்ந்த பிறகு வந்தது.

மதினிக்கு என்று நல்ல பழமாக மூன்று எடுத்துத் தனியாக வைத்தேன். வரும் வழியில், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஒன்றைத் தின்றேன்.

இரவில் அவள் கோயிலிலிருந்து திரும்பியதும், அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பழத்தைக் கொடுத்தோம். கோயில் குங்குமத்தோடு வெளியே வந்தவள் பழத்தை முகர்ந்து பார்த்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"எந்தக் கடைட்டி?" என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம்.

"அருவிக்குப் போற வழியில ஒண்ணு மதினி."

"அங்கன வழி முழுக்கக் கடைதானட்டி. அடையாளம் சொல்லு."

"பழக்கடை" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தம்பியோடு சிரிப்பது மாதிரி இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் கடையைச் சொல்லவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் மூன்று பேரும் போகிறோம். பின் சீட்டுக்கு முறை வைத்திருக்கிறோம், ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான். முறை வராத வாரம் பஸ்ஸில் போகிறவள், பஸ்ஸில் போனால் நாலு பேரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நானும் அதைச் சொல்லப் பழகிவிட்டேன். மாதச் செலவு கூடவில்லை. அட்டவணையை இப்போதும் வைத்திருக்கிறேன், பந்தயம் அதற்குள்தானே. மதினி பாவூர்சத்திரத்தில் எனக்காக யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்குப் பல வாரம் ஒன்றும் விழுவதில்லை. மூன்று பைகளையும் தூக்குகிறேன். அவள் இப்போது வாங்கிக்கொள்வதில்லை, கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். அது எனக்கு மரியாதையாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது குற்றாலத்துக்குப் போய்வந்த அடுத்த புதன்கிழமையைப் பற்றி. மாலையில் வேலையை முடித்து மடிக்கணினியை மூடினேன். அவர் சமையலறையில் மிளகாய் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை மிளகாய் தீந்துட்டு போலயே" என்றார்.

தெருமுனைக் கடையில் மிளகாய் உண்டு. அவருக்கும் அது தெரியும்.

"குத்தாலம் போய் வாங்கிட்டு வருவமா?" என்றார்.

நான் பையை எடுக்கப் போனேன். மேசையில் அவர் போன் அடித்தது, மதினி. "நீ எடு" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். எடுத்தேன்.

"என்னட்டி, எங்கயும் வெளிய கெளம்புதியளா?"

"சும்மா மிளகாய் வாங்க மதினி. பக்கத்துலதான்."

"அவன் எங்க?"

கதவு பாதி திறந்திருந்தது. அவர் கண்ணாடி முன்னால் நின்று நீலக் கட்டம் போட்ட சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேலையா இருக்காங்க மதினி" என்றேன்.